நூறு சதவீதத் தலைப்பிரட்டைகள்

என் மாமனாரை எங்கள் தெருவில் எல்லோரும் எச்.எம். என்றுதான் கூப்பிடுவார்கள். தலைமையாசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. பால் போடுபவர், தபால்காரர், மாடி வீட்டு வக்கீல், எல்லோருக்கும் அவர் இன்னும் எச்.எம்.தான். அவர் நாற்காலியில் இருந்தவரை அந்தப் பள்ளிக்கூடம் ஒரு வருடம்கூட நூறு சதவீதத் தேர்ச்சியிலிருந்து இறங்கியதில்லை. அதற்கு வாங்கிய கோப்பைகள் எங்கள் கூடத்தில் வரிசையாக நிற்கின்றன. தூசி தட்டுவது நான்.

அந்த நூறு சதவீதம் என் முனைவர் பட்டத்தைத் தண்ணீரில் மூழ்கடிக்கப் பார்த்த கதையைத்தான் சொல்ல வருகிறேன்.

நான் கல்லூரியில் விலங்கியல் ஆய்வகப் பயிற்றுநர். வெளிச்சமும் இருட்டும் தலைப்பிரட்டைகளின் வளர்ச்சியை எப்படி மாற்றுகின்றன என்பது என் ஆராய்ச்சி. இதை வெளியே சொன்னால் சிரிக்காத ஆளை நான் பார்த்ததில்லை. "தவளைக்கு லைட்டு போட்டா என்ன, போடாட்டி என்ன?" என்று கேட்ட நாத்தனாரிடம் நான் பேசிய பேச்சில் அவள் அதற்குப் பிறகு போன் பண்ணுவதையே குறைத்துக்கொண்டாள். எனக்குக் கோபம் மூக்கின் மேல் என்பது ஊருக்கே தெரியும். என்ன செய்வது? கல்யாணத்துக்கு முன்பு பதிவு செய்த ஆராய்ச்சி அது. அவகாசம், மறு அவகாசம், கருணை அவகாசம் எல்லாம் வாங்கித் தீர்த்துவிட்டேன். "இந்தத் தடவை ரிசல்ட் இல்லைன்னா உன் பேரை எடுத்துடுவாங்கம்மா. என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்று என் வழிகாட்டிப் பேராசிரியை கையை விரித்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து ஆய்வகத்தின் கூரை ஒழுக ஆரம்பித்தது. பழுது பார்க்க ஆள் வந்தார்கள், சாரம் கட்டினார்கள், பிறகு சாரத்தை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். வேறு வழியில்லாமல் தொட்டிகளை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

பின்கட்டு அறையில் மூன்று கண்ணாடித் தொட்டிகள். ஒரே முட்டைக் கொத்திலிருந்து பொரித்த குஞ்சுகளை மூன்றிலும் சமமாகப் பிரித்து விட்டிருந்தேன். முதல் தொட்டியின் மேல் இரவு பகல் அணையாத டியூப்லைட். இரண்டாவதற்குப் பாதி நாள் வெளிச்சம், பாதி நாள் இருட்டு. சுவிட்ச் தானாகவே போட்டு அணைக்கும். மூன்றாவது, கதவை மூடினால் பொட்டு வெளிச்சம் புகாத துணி அலமாரிக்குள். அதற்காக என் கணவரின் சட்டைகளைக் காலி செய்தேன். அவை சமையலறை ஜன்னல் கம்பியில் தொங்கின. கடைக்குப் போகும்போதெல்லாம் அவர் மேல் தாளித்த வாசனை வந்தது.

அவர் அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. மின்சாமான் கடை வைத்திருக்கிறார். வயரிங் எல்லாம் அவர் கைவேலைதான். எதையும் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார். நாம் சொல்லும் நகைச்சுவைக்கு அடுத்த வேளைச் சாப்பாட்டில் சிரிப்பார். பள்ளியில் அவருக்கு டியூப்லைட் என்று பெயராம். சுவிட்சைப் போட்டு நாலு தடவை கண் சிமிட்டிய பிறகுதானே அது எரியும்? "இப்போ அதையே வித்துச் சாப்பிடுறேன்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அப்பாவின் பள்ளியில்தான் படித்தார், கடைசி வகுப்பை மட்டும் வேறு பள்ளியில் முடித்தார். ஏன் என்று நான் கேட்டதில்லை.

பகலில் நான் கல்லூரிக்குப் போய்விட்டால் தொட்டிகளை யார் பார்ப்பது? மாமா தானாக முன்வந்தார்.

"நான் பாத்துக்கறேம்மா. ஆயிரம் பசங்களைக் கட்டி மேய்ச்சவன். இதுங்க எம்மாத்திரம்?"

வேகவைத்த கீரையைக் கிள்ளிப் போட வேண்டும். மீந்ததை டீ வடிகட்டியால் அள்ளிவிட வேண்டும். அலமாரியைத் திறக்கும்போது சின்னச் சிவப்பு பல்பை மட்டும் போட வேண்டும். இவ்வளவுதான் வேலை. வடிகட்டியை நானே வாங்கி அவர் கையில் கொடுத்தேன். என் கையாலேயே கொடுத்தேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

மாமா காலையில் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு, கையைப் பின்னால் கட்டியபடி பின்கட்டுக்குப் போவார். தலைப்பிரட்டைகள் அவர் நிழல் விழுந்ததும் மூலைக்கு ஓடும். "ம்ம், பயம் இருக்கு. நல்லது" என்பார். சாப்பாட்டு வேளையில் என் புலம்பலையும் கேட்டுக்கொண்டிருப்பார்.

"மூணு தொட்டிக்கும் பளிச்சுனு வித்தியாசம் தெரியணும் மாமா. இல்லைன்னா என் இத்தனை வருஷப் படிப்பும் அதோகதிதான்."

"ரிசல்ட்தானே வேணும்? வரும்மா. நான் இருக்கேன்ல?"

பெரியவர் வாக்கு பலிக்கட்டும் என்று மனசுக்குள் கும்பிட்டேன்.

பலித்தது. முதலில் இருட்டுத் தொட்டியில் ஒன்றிரண்டுக்குப் பின்னங்கால் மொட்டு விட்டது. பிறகு அந்தத் தொட்டி முழுக்கக் கால்கள். பாதி வெளிச்சத் தொட்டியில் பாதிக்குப் பாதி. டியூப்லைட்டின் கீழே இருந்தவையோ ஒரு காலும் இல்லாமல், வெறும் தலையும் வாலுமாக, முட்டி மோதிக்கொண்டிருந்தன. வாரக் கடைசியில் உட்கார்ந்து எண்ணுவேன். மூன்று தொட்டியிலும் எண்ணிக்கை ஒன்று கூடாது, ஒன்று குறையாது. ஒரே ஒருமுறை டியூப்லைட் தொட்டியில் ஒன்றுக்குக் கால் மொட்டு தெரிந்த மாதிரி இருந்தது. மறுநாள் பார்த்தால் காணோம். வெளிச்சத்தில் கண் கூசியிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

வரைபடத்தைப் பார்த்த பேராசிரியைக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று கோடுகளும் மூன்று திசையில் போயின.

"இப்படி ஒரு வித்தியாசத்தை நான் பார்த்ததே இல்லம்மா! இருட்டுல இவ்வளவு வேகமா? இது பெரிய விஷயம். நான் ஆராய்ச்சிக் குழுவைக் கூப்பிடுறேன். வெளியிலேருந்து ஒரு பெரிய ஆளையும் வரச் சொல்றேன்."

என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அலுவலக எழுத்தர்கூட அன்றைக்கு எழுந்து நின்று சிரித்தார். எனக்கு வாயெல்லாம் பல்.

குழுவின் முன் நிற்பதற்கு முந்தின நாள், ஒத்திகை சீக்கிரம் முடிந்து மதியமே வீட்டுக்கு வந்துவிட்டேன். மாமாவுக்கு நன்றி சொல்ல வேண்டுமே என்று ஒரு கேக் வாங்கி வந்தேன். செருப்பைக் கழற்றும்போது பின்கட்டிலிருந்து அவர் குரல் கேட்டது. யாரோ பழைய மாணவர் வந்திருக்கிறார் போல என்று எட்டிப் பார்த்தேன்.

மாமா தரையில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் வடிகட்டி. வடிகட்டிக்குள் ஒரு தலைப்பிரட்டை, பின்னங்கால் இரண்டும் துருத்திக்கொண்டு துள்ளியது.

"சபாஷ். நீ தேறிட்ட. உள்ள போய்ச் சத்தம் போடாம இரு."

டியூப்லைட் தொட்டியில் எடுத்ததை நேராக அலமாரிக்குக் கொண்டுபோய்க் கவிழ்த்தார். சிவப்பு பல்பின் வெளிச்சத்தில் துழாவி, கால் இல்லாத ஒன்றை அள்ளினார்.

"நீ வா இப்படி. இவ்வளவு நாளா என்ன பண்ணிட்டிருந்த? வெளிச்சத்துல உக்காந்து நாலு எழுத்து படி, போ."

அது டியூப்லைட் தொட்டியில் பொத்தென்று விழுந்தது.

"மாமா!"

கையும் களவுமாகப் பிடிபட்டவர் முகத்தில் கொஞ்சமாவது அசடு வழியும் என்று பார்த்தேன். வழியவில்லை. வாம்மா என்று வரவேற்கிற முகம்.

"வந்துட்டியா? நல்ல நேரத்துக்கு வந்த. ஏ செக்‌ஷன் ஃபுல்லா தேறிடுச்சு. பார்."

"எந்த செக்‌ஷன்? என்ன பண்றீங்க நீங்க?"

"கால் வந்ததையும் வராததையும் ஒரே தொட்டியில விட்டா ரெண்டும் உருப்படாதும்மா. நல்லாப் படிக்கிறதுக்கு அமைதி வேணும், அதனால அலமாரி. மந்தமா இருக்கிறதுக்கு லைட்டுக்குக் கீழ ஸ்பெஷல் கிளாஸ். ரெண்டுங்கெட்டானா இருக்கிறது நடுவுல. ஆனா தலை எண்ணிக்கை, அதான் பலம், அதை மட்டும் சமமா வச்சிருக்கேன். ஒண்ணு உள்ள போனா ஒண்ணு வெளிய வரும். கணக்கு உதைக்காது."

கேக்கை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தேன். இது பள்ளிக்கூடம் இல்லை என்றேன். எந்த வெளிச்சத்தில் எது எப்போது வளர்ந்தது என்று இனி அந்தத் தலைப்பிரட்டைகளுக்கே தெரியாது என்றேன். என் வாழ்க்கையை வடிகட்டியில் அள்ளிக் கொட்டிவிட்டீர்களே என்றேன். மாடி வீட்டு வக்கீல் பால்கனிக்கு வந்து நின்றது தெரிந்தும் நிறுத்தவில்லை.

மாமா நிஜமாகவே புரியாமல் என்னைப் பார்த்தார்.

"நீ ரிசல்ட் கேட்ட. வந்துச்சா இல்லையா?"

"இது ரிசல்டா மாமா?"

"பின்ன? முப்பது வருஷமா நான் இப்படித்தான் கொண்டுவந்தேன். யாராவது தப்புன்னு சொன்னாங்களா? கோப்பைதான் குடுத்தாங்க. நாளைக்கு நீயும் வாயைத் திறக்காத. நம்பர் சரியா இருக்கு. யாருக்குத் தெரியப்போகுது?"

நான் பொய் சொல்லப் போவதில்லை. அந்த நிமிஷம் எனக்கு ஆசை வந்தது. வரைபடம் தயார். பேராசிரியை மகிழ்ச்சியில் மிதக்கிறார். எனக்கும் மாமாவுக்கும் இந்த வடிகட்டிக்கும் தவிர யாருக்கும் தெரியாது. பேசாமல் இருந்தால் பட்டம், பேசினால் பூஜ்யம்.

என் கத்தலைக் கேட்டு, தெருமுனைக் கடையிலிருந்து என் கணவர் ஓடி வந்திருந்தார். ஸ்குரூடிரைவர் கையிலேயே இருந்தது. நடந்ததைச் சொன்னேன். சிரித்தார். அவரிடமிருந்து அவ்வளவு சீக்கிரம் சிரிப்பு வந்து நான் பார்த்ததில்லை. சிரித்துக்கொண்டே டியூப்லைட் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"அப்பா, என்னையும் இப்படித்தானே தூக்கிப் போட்டீங்க?"

"அது வேற விஷயம்டா."

"பரீட்சைக்குக் கொஞ்சம் முன்னாடி பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்த ஸ்கூல்ல கொண்டுபோய்ச் சேர்த்தீங்க. எச்.எம். பையன் ஃபெயிலாகிட்டா நூறு போயிடும்னு. உங்க கணக்கு உதைக்கல."

"உன் நல்லதுக்குத்தான்…"

"நான் அங்க பாஸ் பண்ணேம்பா. சொல்லலாம்னு சைக்கிள்ல மூச்சு வாங்க மிதிச்சு வந்தேன். நீங்க வீட்ல இல்ல. கோப்பை வாங்கப் போயிருந்தீங்க."

அவர் குரலை உயர்த்தவே இல்லை. கடையில் இந்த பல்புக்கு ஒரு வருட உத்தரவாதம் என்று சொல்கிற அதே குரல். நான் வாராவாரம் தூசி தட்டுகிற கோப்பைகளில் ஒன்று, அன்றைக்கு மாமா வாங்கப் போன அந்தக் கோப்பை. இவ்வளவு வருடமாக அதற்கு எதிரே உட்கார்ந்துதான் இந்த மனுஷன் காபி குடித்திருக்கிறார். வடிகட்டியிலிருந்து சொட்டுச் சொட்டாக மாமாவின் இஸ்திரிச் சட்டையில் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

என் ஆசை அதோடு போய்விட்டது. அந்த வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு இந்த வீட்டுக்குள் இனி நடமாட முடியாது.

மறுநாள் குழு முன்னால் நின்றேன். வெளியிலிருந்து வந்திருந்த பெரிய ஆள், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு வரைபடத்தை ரசித்தார். "அற்புதம். இவ்வளவு சுத்தமான வித்தியாசத்துக்கு என்ன காரணம்னு நினைக்கிறீங்க?"

"என் மாமனார் சார்."

பேராசிரியை இருமினார். நான் நிறுத்தவில்லை. செக்‌ஷன், ஸ்பெஷல் கிளாஸ், பலம் சமம், டீ வடிகட்டி எல்லாவற்றையும் சொன்னேன். பேராசிரியை மெதுவாகத் தன் கைப்பையைத் திறந்து அதற்குள் எதையோ தேட ஆரம்பித்தார். கடைசிவரை தேடிக்கொண்டே இருந்தார். பெரிய ஆள் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணில் தண்ணீர்.

"தண்ணி, சூடு, சாப்பாடு எல்லாத்தையும் கட்டுப்பாட்டுல வச்சேன்னு எழுதியிருக்கீங்க. மாமனாரை எழுதலையேம்மா?"

அவர் சிரித்ததால் பிழைத்தேன். முடிவுகள் எல்லாம் ரத்து. அடுத்த மழைக்குத் தவளைகள் முட்டை போடும்போது புதிதாகத் தொடங்க வேண்டும். இதுதான் கடைசித் தவணை, இதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

மழை வந்தது. புதிய முட்டைக் கொத்து, அதே தொட்டிகள், அதே ஜன்னல் கம்பியில் சட்டைகள். பின்கட்டுக்குப் பூட்டு வாங்கும்படி கணவரிடம் சொன்னேன். அவர் வாங்கியும் வந்தார். அப்போது மாமா என்னிடம் வந்து வடிகட்டியை நீட்டினார்.

"இதை நீயே வச்சுக்கோம்மா. மிச்சக் கீரையைக் கரண்டியால எடுக்கறேன். நான் சும்மா உக்காந்து பாக்குறேன். அவ்வளவுதான்."

வீட்டில் நாற்காலியைக்கூட இழுத்து வரிசையில் போடாமல் உட்காரத் தெரியாதவர் அவர். நம்புவதா வேண்டாமா என்று எனக்குக் குழப்பம். பூட்டைப் போடாமல் வைத்தேன். முதல் வாரம் தினமும் திடீர் சோதனை போட்டேன். கையைப் பின்னால் கட்டாமல், மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கால் வந்ததும் வராததும் ஒன்றோடு ஒன்று மோதிக்கொண்டு திரிந்தன. ஒவ்வொரு மோதலுக்கும் அவருக்கு விரல் துடித்தது. எழுந்திருக்கவில்லை.

இந்த முறை வரைபடம் சப்பென்று இருந்தது. இருட்டில் இருந்தவை கொஞ்சம் பின்தங்கின. மற்ற இரண்டு தொட்டிக்கும் பெரிய வேறுபாடு இல்லை. கோடுகள் ஒன்றை ஒன்று ஒட்டி நடந்தன. ஆனால் அவை நிஜக் கோடுகள். பட்டத்துக்கு அது போதும் என்று பேராசிரியை சொல்லிவிட்டார். தவளையானவற்றை எல்லாம் நான் கொண்டுபோய்க் குட்டையில் விட்டுவந்தேன். டியூப்லைட் தொட்டியில் ஒன்றே ஒன்று மட்டும் பாக்கி. காலும் இல்லை, கைக்கான அறிகுறியும் இல்லை. தண்ணீருக்குள் சொந்த வீடு கட்டிக்கொண்ட மாதிரி அங்கேயே இருந்தது.

ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டிய நாள் நெருங்கியது. பேராசிரியை போன் செய்தார்.

"அந்த ஒண்ணை விட்டுடும்மா. எழுதாத. கணக்கு அழகா வரும். எல்லாத் தொட்டியிலும் நூத்துக்கு நூறு வளர்ந்ததுன்னு போட்டுடலாம்."

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். மாமா நாற்காலியிலிருந்து விருட்டென்று எழுந்தார்.

"விடக்கூடாதும்மா. அதையும் சேர்த்துத்தான் கணக்குன்னு உன் மேடத்துக்கிட்ட சொல்லு. நூறு வராட்டி போகட்டும்."

போனின் அந்தப் பக்கம் யார் அது என்றார் பேராசிரியை. ஆய்வின் கட்டுப்படுத்த முடியாத காரணி என்றேன். கடைசி நாள் வரைக்கும் பார்ப்போம், வளராவிட்டால் வளரவில்லை என்றே எழுதுவேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். கொஞ்சம் கோபமாகத்தான் வைத்தேன்.

அதற்குப் பிறகு பின்கட்டில் இரண்டு நாற்காலிகள். காலையில் கடை திறப்பதற்கு முன்பும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் என் கணவர் வந்து மற்ற நாற்காலியில் உட்காருவார். அப்பாவும் பிள்ளையும் பேசிக்கொள்ள மாட்டார்கள். ஒரு தலைப்பிரட்டையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். "கீரை தின்னுச்சா?" "ம்." அவ்வளவுதான் உரையாடல். எனக்கு எரிச்சலாக வரும், ஏதாவது பேசித் தொலையுங்களேன் என்று. ஆனால் நாற்காலிகளை மட்டும் எடுத்துப் போடவில்லை.

ஒரு நாள் முற்பகல் மாமா கடைக்குப் போன் செய்தார். நான் அன்றைக்கு வீட்டில் முன்னுரை எழுதிக்கொண்டிருந்தேன். அவர் குரல் கூடம் வரைக்கும் கேட்டது.

"டேய், வந்துடுச்சு. பின்னங்கால். ரெண்டும். உடனே வா."

கணவர் கடையை அப்படியே போட்டுவிட்டு, பல்பு வாங்க வந்த ஒருவரையும் கூட அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். அவரை அனுப்பி வைக்கக்கூடத் தோன்றவில்லை போலிருக்கிறது. மூன்று பேரும் தொட்டியின் முன்னால் குனிந்து நின்றார்கள். தலைப்பிரட்டை புதுக் கால்களை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் பின்னால் இழுத்துக்கொண்டு நீந்தியது.

"எவ்வளவு லேட்டு பாருங்க" என்றார் பல்பு வாங்க வந்தவர்.

"லேட்டெல்லாம் இல்ல" என்றார் மாமா, வெடுக்கென்று.

என் கணவர் தொட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். "கால் வந்துடுச்சே. இப்ப இதை எந்த செக்‌ஷனுக்கு மாத்தப் போறீங்க?"

மாமா கையை நீட்டி, பிள்ளையின் தோளில் ஒட்டியிருந்த ஒரு கறிவேப்பிலைத் துணுக்கைத் தட்டிவிட்டார். கையை அங்கிருந்து எடுக்கவில்லை.

"எங்கயும் இல்லடா. என்கிட்டயே இருக்கட்டும்."